சட்டாம்பிள்ளைக்கு ஓட்டு: ஒரு தொடக்கப்பள்ளித் தேர்தலை வாசித்தல்

ஜூன், ஜூலை மாதங்களில் நாளிதழ்களின் திருநெல்வேலிப் பதிப்பைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தச் செய்தி பழகிப்போனது. ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் நடந்தது. வேட்புமனு, சின்னம், பிரச்சாரம், வாக்குச்சீட்டு, விரலில் மை. பொதுத்தேர்தலைப் போலவே நடந்தது. பக்கத்தில் மை வைத்த விரலை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் படம். இந்தச் செய்தியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால், மொத்தப் பிரதியையும் தாங்கி நிற்கும் சொல் ‘போலவே’ என்பதுதான். எதைப் போல என்பது சொல்லப்பட்டுவிட்டது. எதற்காக என்பதும், ஜெயித்த பிள்ளை மறுநாள் காலையில் என்ன செய்தது என்பதும் பிரதியில் இல்லை. அடுத்த நாள் பேப்பரிலும் இருக்காது.

இதை வாசிக்கும் தோழர்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். முதலாளித்துவ ஜனநாயகத்தின் பொம்மலாட்டத்தை ஆறு வயசிலேயே பழக்குகிறார்கள், அவ்வளவுதான், இதில் வாசிக்க என்ன இருக்கிறது என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீதிப்பேர் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கு இது ‘பங்கேற்பு’. இரண்டு தரப்புமே ஒரு மடித்த காகிதத்தைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2025 ஜூலையில் ஒருநாள், எனக்கு மூத்தவரும் எம்.ஏ. தமிழ் படித்தவருமான ஓர் அக்கா போன் செய்தார். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊரில், இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள தொடக்கப்பள்ளியில் டீச்சர். (ஊர்ப் பெயர் வேண்டாம்.) “தம்பி, பிள்ளைகளுக்கு எலெக்‌ஷன் வைக்கோம். ஓட்டு எண்ணுததுக்கு நீங்க வரணும்” என்றார். எண்ணுவதற்கு எதற்கு வெளி ஆள் என்று கேட்டேன். “வாங்க, சொல்லுதேன்.”

போனேன். டீச்சர் மேசையைத் திருப்பிப் போட்டு, ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்பு. இரண்டு வேட்பாளர்கள்: ஐந்தாம் வகுப்புப் பையன், சின்னம் பம்பரம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை, சின்னம் குடை. ஒன்றாம் வகுப்புக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் சீட்டில் பெயர் கிடையாது, படம் மட்டும். படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அன்றைக்கு வந்திருந்தது 39 பிள்ளைகள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சேலைக்குப் பின்னால் போய்க் கோடு போட்டது. மடித்தது. பெட்டிக்கு வரவில்லை. நேராக டீச்சரிடம் வந்து சீட்டை விரித்துக் காட்டி, “சரியா போட்டிருக்கேனா டீச்சர்?” என்றது. டீச்சர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எங்கிட்ட காட்டப்படாது. மடிச்சுப் பெட்டியில போடு” என்றார். பிள்ளைக்கு விளங்கவில்லை. மறுபடியும் நீட்டியது. டீச்சர் மறுபடியும் காட்டப்படாது என்றார். பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. தப்பாகப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று. அதன் பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பிள்ளைகளும் இதே மாதிரி விரித்துக்கொண்டு வந்தன.

பள்ளிக்கூடம் என்ற இடத்தில் ஒரு பிள்ளை எழுதுவதெல்லாம் காட்டுவதற்காகவே எழுதப்படுகிறது. சிலேட்டு, நோட்டு, வீட்டுப்பாடம், பரீட்சைத் தாள். சிவப்பு மையில் ஒரு சரி விழுந்தால்தான் அது எழுத்து. அல்தூசர் 1970இல் பள்ளியைக் கருத்தியல் கருவி என்று எழுதியதையும், ஃபூக்கோ 1975இல் பரீட்சையை அதிகாரமும் அறிவும் ஒன்றுசேரும் சடங்கு என்று வாசித்ததையும் நாம் மேற்கோள் காட்டியே தேய்த்துவிட்டோம். ஆனால் பரீட்சைத் தாளைப் போலவே இருக்கிற, அதே பென்சிலால் அதே கையால் எழுதப்படுகிற ஒரு காகிதத்தை ‘காட்டப்படாது’ என்று ஒரு டீச்சர் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று நாம் யோசித்ததில்லை. இதற்குச் சரியான விடை கிடையாது. டீச்சருக்கும் தெரியக்கூடாது. பள்ளி வாழ்க்கையில் அந்தப் பிள்ளை முதன்முதலாகக் கண்காணிப்புக்கு வெளியே போட்ட கோடு அது. அழுகை வராமல் என்ன செய்யும்?

நான் 1999இல் நாலாம் வகுப்பு லீடர். தேர்தல் கிடையாது, உயரமாக இருந்தேன், கையெழுத்து நன்றாக இருந்தது. சார் ஆபீஸ் ரூமுக்குப் போனதும் சாக்பீஸை எடுத்துப் போர்டில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுப்பேன். பேசினவன் பெயரை எழுதுவேன். மறுபடி பேசினால் பக்கத்தில் ‘மி.அ.’, அப்புறமும் பேசினால் ‘மி.மி.அ.’. மிக மிக அதிகம். ஒரு நாள் என் பக்கத்து வீட்டுப் பையன் பெயரை, அவன் வாயே திறக்காதபோது, மி.மி.அ. போட்டு எழுதினேன். முந்தின நாள் கோலி விளையாட்டில் என்னை ஏமாற்றிவிட்டான். அவன் அடி வாங்கியபோது எனக்கு இருந்த நிறைவை இன்றைக்கு என்ன கோட்பாட்டுச் சொல்லால் எழுதினாலும் அது கொஞ்சம் பொய்யாகத்தான் இருக்கும்.

‘பேசியவர்கள்’ என்ற தலைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குற்றம் பேச்சு. இன்றைக்கு மாணவர் பேரவை என்கிறோம், குழந்தைகள் பாராளுமன்றம் என்கிறோம். பேசுவதற்கென்று பெயர் வைத்த அமைப்புக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவருக்குக் கொடுக்கிற முதல் வேலை பேசுகிறவர்களைப் பட்டியல் போடுவது.

இந்த வேலை இங்கே புதிதல்ல. திண்ணைப்பள்ளியில் அவனுக்குப் பெயர் சட்டாம்பிள்ளை. உ.வே.சா. தன் சரித்திரத்தில் இவனைப் பற்றி எழுதியிருக்கிறார். வாத்தியாருக்குப் பயந்ததைவிடப் பிள்ளைகள் இவனுக்கு அதிகம் பயந்தார்கள் என்பது அதைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். அவரிடம் போதுமான வாத்தியார்கள் இல்லை. பிள்ளையைப் பிள்ளைக்கு வாத்தியாராக்கினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் விழுந்தது. இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் லங்காஸ்டர் நடத்தியதும் இதற்குப் பங்காளி முறைதான். ஃபூக்கோ தன் புத்தகத்தில் நேரத்தையும் உடலையும் ஒழுங்குபடுத்தும் இயந்திரமாக வாசிக்கிற பள்ளிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆக நம்முடைய சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய், ‘மானிட்டர்’ என்ற பெயரோடு திரும்பி வந்தான். இப்போது அவனுக்கு ஓட்டுப் போடுகிறோம்.

வாக்குப்பதிவுக்கு முன்னால் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார்: “சார், நாங்க ரெண்டு பேரு. அஞ்சு வகுப்பு. எமிஸ்ல ஏத்தணும், காலைச் சாப்பாட்டைப் பாக்கணும், மத்தியானச் சாப்பாட்டைப் பாக்கணும். லீடர் இல்லன்னா எப்பிடிச் சமாளிக்க?” அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவருக்கு இருப்பது பெல்லுக்கு இருந்த அதே பிரச்சினை: ஆள் போதாது. ஆனால் ஆள் போதாததை மறைக்கிற திரையாக ஜனநாயகம் என்ற சொல் வந்து விழுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நியமித்த சட்டாம்பிள்ளையை ஒரு பிள்ளை மனசுக்குள்ளாவது திட்டலாம். தேர்ந்தெடுத்த சட்டாம்பிள்ளையைத் திட்டினால், “நீதானல ஓட்டுப் போட்டே” என்பார்கள்.

தேர்தல் என்றதும் நம்மவர்கள் உத்தரமேரூருக்குப் போய்விடுவார்கள். பள்ளி விழாப் பேச்சுகளிலும் அது தவறாமல் வரும். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலை. அதில் குழந்தை ஒன்று வருகிறது என்பதை விழாப் பேச்சாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆமாம், வருகிறது, குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பதற்காக. எது எவர் பெயர் என்று தெரியாத சிறுவன் என்பதுதான் அவனுடைய தகுதி. நிலமும் வயதும் வேதக் கல்வியும் உள்ளவர்களின் அவைக்குக் குழந்தையின் அறியாமை மட்டும் தேவைப்பட்டது.

அவ்வளவு தூரம் வடக்கே போகவும் வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோயில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. அங்குள்ள கோயிலில் பாண்டியன் மாறன்சடையனின் கல்வெட்டு. உத்தரமேரூருக்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு மூத்தது. யார் சபையில் உட்காரலாம் என்று அதுவும் விதி சொல்கிறது: நிலப் பங்கு வேண்டும், மந்திர பிராமணம் படித்திருக்க வேண்டும், ஒழுக்கம் வேண்டும். அதோடு இன்னொரு விதி. சபையில் வருகிற ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டிருப்பவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம். சபை நடக்கவேண்டுமே, எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போட்டால் எப்படி என்று வரலாற்றாசிரியர்கள் இதற்கு நியாயம் சொல்லலாம். எனக்கு அது அவ்வளவு எளிதாக இறங்கவில்லை. மறுப்புச் சொல்லுக்குக் கல்லில் விலை வெட்டி வைத்த ஊர் நம்முடையது. போர்டில் மி.மி.அ. என்று எழுதியபோது நான் மானூர்ச் சபையின் கணக்குப்பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறேன்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். பெட்டியை மேசையில் கவிழ்த்ததும் டீச்சர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அப்போதுதான் காரணம் சொன்னார். “எனக்கு ஒவ்வொண்ணும் யாரு போட்ட கோடுன்னு தெரிஞ்சிரும் தம்பி. ஒண்ணாங்கிளாஸ்ல கையப் பிடிச்சு எழுத வச்சதே நான்தான். அழுத்திப் போடுதவன், நடுங்கப் போடுதவ, எல்லாம் தெரியும். அதான் நீங்க எண்ணுங்க.” நம்முடைய கோட்பாட்டு இதழ்களில் ஆசிரியனின் மரணம் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். எழுதிய கையை அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து ஒரு வாசகி பிரதியைப் பார்க்க மறுத்து வெளியே போய் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பம்பரம் 20. குடை 19.

பையன் மேலத்தெரு. பெண்பிள்ளை காலனி. அன்றைக்கு வந்திருந்த காலனிப் பிள்ளைகள் 15 பேர். ஆக மேலத்தெருவிலிருந்து குறைந்தது நான்கு பேர் குடைக்குப் போட்டிருக்கிறார்கள். குறைந்தது என்று சொல்லக் காரணம், அங்கிருந்து இங்கே வந்ததும் இருக்கலாம், இங்கிருந்து அங்கே போனதும் இருக்கலாம். சாயங்காலத்துக்குள் கணக்கு டீக்கடைக்குப் போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்த என்னிடம் ஒரு பெரியவர் கேட்டார்: “ஜெயிச்சது சரி. அந்த நாலு பேரு யாருவே?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தன் பேரனைக் கூப்பிட்டு, “ஏல, நீ எதுக்குப் போட்ட?” என்றார். பையன், “காட்டப்படாதுன்னு டீச்சர் சொல்லிருக்காவ” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

இந்த மாவட்டத்தில் அந்த ஓட்டத்துக்கு என்ன பொருள் என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து யார் எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம். 2019இல் பள்ளிக்கல்வித் துறை இதைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பவேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்கச் சொன்னது. பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. எல்லாம் கண்ணுக்குத் தெரிவதை அழிக்கிற நடவடிக்கைகள். வேண்டியவைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது வேறு விஷயம். உடம்பின் மீது தெரு எழுதப்பட்டிருக்கும் ஊரில், தெருவுக்குத் தெரியாமல் ஒரு கோடு போடலாம் என்பதை அந்த நாலு பேர் (அல்லது ஆறு பேர், எட்டுப் பேர்) கண்டுபிடித்துவிட்டார்கள். நான் பொம்மலாட்டம் என்று சொல்வதை நிறுத்தியது அங்கேதான்.

இடையில் ஒன்று. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று மாணவர் குழுக்கள் தொடங்கினார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து. தமிழ் எம்.ஏ.க்காரனான எனக்கு இதில் சந்தோஷமும் உண்டு, சங்கடமும் உண்டு. பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆற்றங்கரையில் முதல் நான்கையும் ஒரு பகல் பஸ் பயணத்தில் காட்டிவிடலாம். தனக்கென்று நிலமில்லாத பாலையில் எந்தப் பிள்ளையைப் போடுவது? அந்தப் பள்ளியில் ஒரு பையன் “பாலைன்னா பாலா சார்?” என்று கேட்டான், நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும். விளையாட்டல்லாத விஷயம், தெருவைப் பார்க்காமல் கலந்து பிரிப்பதில் இருக்கிற நன்மை. வார்சாவில் யானுஸ் கோர்ச்சாக் நடத்திய யூத அநாதைகள் இல்லத்தில் பிள்ளைகளின் நீதிமன்றம் ஒன்று இருந்தது. அந்த வாரம் தன்மேல் வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளை எடுத்தார்கள். பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே பலமுறை அதன் முன்னால் நின்றிருக்கிறார். 1942 ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகளோடு அவரையும் திரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நீதிமன்றத்தின் சட்டத்தொகுப்பில் பெரும்பாலான பிரிவுகள் மன்னிப்பைப் பற்றியவை. நம் பேரவைகளின் பொறுப்புப் பட்டியலில் ஆசிரியரைக் கேள்வி கேட்கும் பொறுப்பு எந்த அமைச்சருக்கு என்று தேடிப் பாருங்கள்.

அக்டோபரில் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். தோற்ற பிள்ளையை உணவு அமைச்சர் ஆக்கியிருந்தார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அதனால் இன்றைக்கு ஒரு தொடக்கப்பள்ளியில் உண்மையான வேலையுள்ள ‘துறை’ உணவு ஒன்றுதான். அந்தப் பிள்ளை வேலையை மெய்யென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், “கடைசியில உக்காருத பிள்ளைகளுக்கு வரும்போது சாம்பார் தண்ணியா இருக்கு, முதல்லயே கலக்கி ஊத்தணும்” என்று சொன்னதாம். “அமைச்சர்னா குத்தம் சொல்லுத வேலையா?” என்று கேட்டிருக்கிறார் தலைமையாசிரியர். சமையல்காரம்மாவுக்கும் வருத்தம். மறுநாளிலிருந்து உணவு அமைச்சரின் வேலை, தட்டுக் கழுவும் இடத்தில் வரிசையைப் பார்த்துக்கொள்வது. ஐந்து காசு வாங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஆற்றங்கரையில் பள்ளிச் சோறு அரசியலானது முதல் தடவையல்ல. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி போட்டதும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்ததும், 1925இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸே அதைச் சுற்றிப் பிளந்ததும் நாமெல்லாம் திரும்பத் திரும்ப எழுதிய கதையாடல். காங்கிரஸ் கமிட்டி கூடியது, தீர்மானம் வந்தது, ராஜினாமாக்கள் வந்தன. பெரியார் பக்கம்தான் நியாயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் படித்த வரையில், எந்தப் பந்தியில் யாரோடு உட்கார விரும்புகிறாய் என்று அந்தப் பையன்களைக் கூட்டி வைத்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஐயர் கேட்கவில்லை, எதிர்த்தவர்களும் கேட்கவில்லை. நாமும் அந்தக் கதையை எழுதும்போது கேட்கவில்லை. குழந்தை நமது முற்போக்குச் சொல்லாடலிலும் ஓலை எடுக்கிற கைதான்.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் கருத்துக்கு எடை கொடுக்கச் சொல்கிறது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு எழுதிய மாதிரி விதிகளில், பள்ளி மேலாண்மைக் குழுவின் சிறு பங்கொன்று ‘உள்ளூர்க் கல்வியாளர்கள் / பள்ளிக் குழந்தைகள்’ என்று வருகிறது. இரண்டில் யார் என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம். குழந்தை அந்தச் சாய்கோட்டுக்கு அப்புறம் நிற்கிறது. கல்வியாளர் கிடைக்காத ஊரில் உள்ளே வரலாம் போல. அந்தச் சாய்கோட்டை அழித்து, ‘மற்றும்’ என்று எழுதி, சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று சொன்ன பிள்ளையை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உட்காரவைத்து, அது சொன்னதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆனால் இதைக் கேட்காமல் தேர்தலை மட்டும் நடத்துகிறவர்கள் மானூர்க்காரர்கள்தான்.

கிளம்பும்போது டீச்சரிடம் அந்த 39 சீட்டுகளும் என்ன ஆயின என்று கேட்டேன். எனக்கு ஓர் ஆசை இருந்தது. கட்டுரைக்காக ஒன்றிரண்டைப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்கே சத்துணவு அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் எண்ணி முடித்துக் கட்டிக் கொடுத்த கட்டை அவர் பிரிக்கவேயில்லையாம்.

“மேல இருந்த ஒண்ணு மட்டும் கண்ணுல பட்டுட்டு தம்பி” என்றார். “யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்.”